கடைசி ஆள் மேல் நல்ல வெயில்

"அக்கா, இந்தப் போர்வைய எல்லாம் எடுத்துடுங்க. இன்னைக்கு வீரர்கள் விழாவுக்கு மேயர் வர்றாரு!"

"வரட்டும். போர்வை என்ன அவரைக் கடிக்கவா போகுது?" என்றாள் பாவ்ஷியூ, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளியபடி.

சுங்யீக்கு அழுகையே வந்துவிட்டது. பூங்காக் கண்காணிப்பாளனாக இந்தத் துறைமுக ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வேலை நிரந்தரமாவது மேயர் காவ் கையில் இருந்தது. பழைய மேயரான காவ், பல வருடம் கழித்து இப்போதுதான் மறுபடி ஜெயித்து வந்திருந்தார். வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவே, வீரர் சிலை மேல் ஒரு கந்தல்கூடத் தொங்கக் கூடாது என்பதுதான்.

சிலை என்றால் லேசுப்பட்டதல்ல. கயிறு இழுக்கும் போட்டியில் தைவானில் இருந்த அத்தனை அணிகளையும் மண்ணைக் கவ்வ வைத்த இந்த ஊர் மீனவர்களுக்கு எழுப்பியது. வெண்கல ஆட்கள், அவர்கள் கையில் வெண்கல வடம். காலையில் கிழவர்கள் அதில் காலைத் தூக்கிப்போட்டு உடற்பயிற்சி செய்வார்கள். கல்யாண ஜோடிகள் படம் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டாமல் ஒரு படகும் கடலுக்குப் போகாது.

ஆனால் வடத்தின் வால்பக்கம் மட்டும் பாவ்ஷியூவுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. எந்நேரமும் போர்வை தொங்கும். கடைசி ஆளின் முகத்தைச் சுங்யீ இன்றுவரை பார்த்ததில்லை.

முதலில், துணி காயப்போடக் கூடாது என்று பலகை நட்டான். மறுநாள் பலகையில் கணவாய் மீன் காய்ந்தது. சுற்றிலும் நைலான் கயிறு கட்டித் தடுத்தான். "தங்கமான பிள்ளை, கேக்காமலே கொடி கட்டிக் குடுத்திருக்கான் பாரு" என்று மெச்சிய பெண்கள், அதில் வீட்டு ஆம்பிளைகளின் கால்சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரரும் இதுல நிக்கிறாராமே. செத்துப்போன மனுஷனுக்கு ஒரு மரியாதை வேண்டாமாக்கா?"

"அந்த மரியாதைக்குத்தான்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "கடைசி ஆள் மேல வெயில் நல்லா விழுது தம்பி, அதான்."

"என் பொழப்பு போயிடும்கா! நிரந்தர வேலைன்னு பொண்ணு வீட்டுல சொல்லித் தொலைச்சிட்டேன்."

"பொண்ணு பாத்தாச்சா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" பாவ்ஷியூ இளகிவிட்டாள். "எடுத்துக்க. ஆனா பின்னால எங்களக் குறை சொல்லப்படாது, ஆமா!"

சுங்யீ போர்வைகளை வாரி அணைத்தான். "என்னக்கா இது, காய்ஞ்சு மொறமொறன்னு கிடக்கு!"

"இன்னும் காயணும்."

போர்வைக்கு அடியிலிருந்து கடைசி ஆள் வெளியே வந்தார். மற்றவர்கள் எல்லாம் வெறுங்காலோடு பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்க, இவர் தோல் காலணி போட்டுத் தொப்பையைத் தள்ளிக்கொண்டு புன்னகை செய்தார். வசதியான மீனவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சுங்யீ.

அலுவலகத்தில் கொடுத்தனுப்பிய சிவப்புப் பட்டுத் துணிகளை முன்னாலிருந்து ஒவ்வொரு கழுத்திலும் கட்டிக்கொண்டே வந்தான். கடைசி ஆளுக்கு இல்லை.

"ஐயையோ! ஒண்ணு குறையுதே! எட்டுத்தான் குடுத்திருக்காங்க!"

"கணக்காத்தான் குடுத்திருக்காங்க" என்றாள் பாவ்ஷியூ.

தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. சுங்யீக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் கழுத்திலிருந்த சிவப்பு டையை அவிழ்த்துக் கடைசி ஆளுக்கு மாட்டிவிட்டான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கார்க் கதவு திறந்தது. முதலில் தோல் காலணி இறங்கியது. அப்புறம் தொப்பை. அப்புறம் ஒரு சிவப்பு டை. அதற்குப் பின்னால் மேயர் காவ், அதே புன்னகையோடு.

விழாவுக்கு வந்திருந்த கூட்டம் மேயரைப் பார்த்தது. சிலையைப் பார்த்தது. மறுபடி மேயரைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த பழைய வீரர் ஒருவர் களுக்கென்று சிரித்ததுதான் தாமதம், பூங்காவே குலுங்கியது.

ஒலிபெருக்கியில் வீரர்களின் பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் கடல்வரை கேட்டது. எட்டாவது பெயர் பாவ்ஷியூவின் புருஷனுடையது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு பட்டியல் முடிந்துவிட்டது. கடைசி சிலைக்குப் பக்கத்தில் மேயர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மறுபடி சிரிப்பு வெடித்தது.

மேயரின் முகம் டையைவிடச் சிவந்துபோயிற்று. சுங்யீயின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யாருய்யா போர்வைய எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்..."

"நான் ஆயிரம் சொல்வேன்! உனக்கு அறிவு எங்கய்யா போச்சு? வேலை வேணும்னா மொதல்ல ஓடிப்போயி எதையாவது காயப்போடு!"

சுங்யீ விழுந்தடித்து ஓடினான்.

"அக்கா, என்னைக் காப்பாத்துங்க! ஈரத்துணி ஏதாவது இருக்கா?"

பாவ்ஷியூ மடித்த போர்வையோடு தயாராக நின்றிருந்தாள்.

"ஈரம் எதுக்கு? கயிறு இழுத்தது எட்டே பேரு தம்பி. ஒன்பதாவதா ஒட்டிக்கிட்ட இந்த ஆள மறைக்கத்தான், பதினாறு வருஷமா நாங்க காய்ஞ்ச போர்வையையே காயப்போட்டுட்டிருக்கோம்!"