ஆண்டுத்திவசத்துக்கு முன் அரைமண்டி

ஹொல்ம்லியா, ஓஸ்லோ
21 மாசி 2008, வியாழன்

கிளியத்தான்,

மதிப்புக்குரிய கணவருக்கு என்றுதான் முதலில் எழுதினேன். வாசித்துப் பார்க்க வரி கட்டுகிற கந்தோருக்கு எழுதியது போல் இருந்தது, கிழித்துவிட்டேன். உங்கள் மூக்கைப் பார்த்துப் பன்னிரண்டு வயதில் நான் வைத்த பெயர் இது. கலியாணத்துக்குப் பிறகு, "ஆக்களுக்கு முன்னால கூப்பிடாதை" என்று மறித்துவிட்டீர்கள். இப்போது வீட்டில் ஆட்கள் இல்லை, கூப்பிடுகிறேன். நானும் மகள் கம்சாயினியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்பது முறையோ தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படியான கடிதத்துக்கு என்ன முறை என்று ஒருவரும் படிப்பிக்கவில்லை. கேட்காமல் விட்டால் மனம் கேளாது. சுகம்தானே?

நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன். வேறு யாராவது வந்து உங்களுக்குச் சொல்ல முந்தி நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் ஏழாம் மாதம் நடக்கிறது, ஆண்டுத்திவசம் இன்னும் முடியவில்லை, கோயிலில் கூடப் பின்வரிசையில் நிற்கிற நான் நேற்று மூன்று நீதிபதிகளுக்கு முன்னால் நடனம் ஆடினேன். ஆடினதோடு நிற்காமல் மகளுக்குக் கிடைக்க இருந்த வேலையையும் கெடுத்துவிட்டேன். நீதிபதிகள் என்றால் கோடு கச்சேரி நீதிபதிகள் இல்லை, பதறாதீர்கள்.

அங்கே போனவர்களுக்கு மறதி கூட என்று சொல்கிறார்கள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். பத்து வயதில் பிள்ளையை ஞாயிறு நடன வகுப்பில் விட்டோம், பதினேழில் அரங்கேற்றம் செய்தோம், அல்பம் அடித்தோம், இனிக் கலியாணம் பேசும்போது அல்பத்தைக் காட்டினால் போதும், நடனம் முடிந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். அவள் இன்ஜினியரிங் ஒரு வருடம் படித்துவிட்டு ஒரு நாள் வந்து, நடன ஆசிரியர் படிப்புக்குச் சேர்ந்துவிட்டேன் என்றாள். நீங்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை, அதாவது எங்களுக்கு முன்னால் சாப்பிடவில்லை. "படிப்பெண்டால் ஒரு புத்தகமாவது இருக்கோணும்" என்றீர்கள். எலும்புக்கூட்டுப் படம் போட்ட தடித்த புத்தகத்தைத் தூக்கி மேசையில் வைத்தாள், அதற்குப் பிறகு கொஞ்சம் ஆறினீர்கள். பெற்றோர் பார்க்கிற நாளில் போய்க் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தால் இருபது பிள்ளைகளும் நிலத்தில் படுத்து மூச்சு விடுகிறார்கள். "படுக்கிறதுக்கும் யூனிவேசிற்றியோ?" என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடுகிறேன். மூன்று வருடம் அப்படி, பிறகு இரண்டு வருடம் மேற்படிப்பு, அதில் அரைமண்டியில் முழங்கால் எப்படி மடிகிறது என்று தொண்ணூறு பக்கம் எழுதினாள், அரையாக இருப்பதற்கே தொண்ணூறு பக்கம், முழுசாக இருந்தால் என்ன ஆகும். பிறகு படிப்பிப்பது எப்படி என்று படிக்க ஒரு வருடம். அதற்கும் பிறகு நாலு வருடம் மணித்தியாலக் கணக்கில் வேலை, திங்கள் ஓரிடம், செவ்வாய் லில்லெஸ்ட்ரோமில் வேறிடம், கோடை வந்தால் ஓரிடமும் இல்லை. நீங்களோ சந்தித்த ஆட்களுக்கெல்லாம் "மகள் பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிறா" என்பீர்கள், என்ன பாடம் என்று கேட்டால் "உடம்புப் பாடம்" என்று முடித்துவிடுவீர்கள். அதன் பலனை உங்கள் செத்தவீட்டில் கண்டேன். நீங்கள் அப்படிச் சொல்லிவைத்த யோகலிங்கம் அண்ணர் கண்ணீரோடு வந்து பிள்ளையின் கையைப் பிடித்து, "டொக்டர் பிள்ளை, அப்பாவை விட்டிட்டியளே" என்று அழுதுவிட்டு, அப்படியே தன் முதுகு நோவுக்கு மருந்தும் கேட்டார். அவள் எப்படி நிற்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அண்ணருக்கு முதுகு சுகமாகிவிட்டது, இப்போது ஊரெல்லாம் அவளை எலும்பு டொக்டர் என்று சொல்லித் திரிகிறார்.

இந்த நேரத்தில்தான் நடன ஆசிரியர் கல்லூரியில் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. விண்ணப்பித்தவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டார்கள், எங்கள் பிள்ளையும் ஒருத்தி. முன்னுக்கு நின்று பேசினால் போதாதாம், சோதனை வகுப்பு எடுக்க வேண்டுமாம். நடனம் பழகாத எட்டுப் பேரை நிறுத்தி முக்கால் மணி நேரம் படிப்பிக்க, மூன்று பேர் கதிரையில் இருந்து எழுதுவார்கள். நேற்றுக் காலை வெளிக்கிடும்போதே சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீங்கள் அங்கை வரப்படாது. வந்தியளெண்டால் எனக்குத் தாளம் பிசகும்."

"நான் ஏன் வாறன்? எனக்கென்ன வேலையில்லையோ?"

வேலை இல்லைதான். முதியோர் இல்லத்து உடுப்புத் தோய்க்கிற வேலைக்கு டொக்டர் இன்னும் லீவு எழுதித்தருகிறார். வீட்டில் இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று மறந்துபோகிறது, குசினி அலுமாரியை நாலாம் முறை துடைத்துவிட்டு ஐந்தாம் முறைக்குத் துணியை நனைக்கும்போது பார்க்கிறேன், கதிரைக்குக் கீழே அவளின் தட்டுக்கழியும் மணையும் கிடக்கின்றன! தாளம் தட்டுகிற கழி இல்லாமல் நடன ரீச்சர் என்ன ரீச்சர்? கத்தியை வீட்டில் விட்டுவிட்டுச் சவரம் செய்யப் போன ஆள் மாதிரி. கடைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினேன். கொடுத்துவிட்டு ஓடிவருவது என்றுதான் என் நினைப்பு, பிள்ளையாராணை.

கல்லூரி நடைவழியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது கந்தோர்ப் பெண் ஒருத்தி கையில் தாளோடு ஓடிவந்தாள். வகுப்புக்கு என்று பிடித்து வைத்திருந்த முதலாம் வருடப் பிள்ளைகளில் மூன்று பேர் முதல்நாள் விருந்தில் எதையோ தின்று வயிற்றாலே போய்ப் படுத்துவிட்டார்களாம், ஐந்து பேர்தான் மிச்சமாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அந்த நேரம் அவள் நோர்வேஜியனில் கடகடவென்று ஏதோ கேட்டாள், நான் இருபது வருடப் பழக்கத்தில் "யா, யா" என்றேன். கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். பார்த்தால் ஏணியில் நின்று பல்ப் மாற்றின எட்வேட் என்ற வெள்ளைக்காரக் கட்டடக் காவலரையும், கன்ரீனிலிருந்து, பக்கத்து ஹவுகெட்டோவில் இருக்கிற எங்கள் தமிழ்ப் பெடியன் லூர்துவையும் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறாள். பெரிய கண்ணாடி மண்டபத்துக்குள் எங்களை வரிசையில் நிறுத்தி எட்டு வரை எண்ணினபோதுதான் எனக்கு விளங்கியது.

லூர்து என் காதுக்குள் சொன்னான்: "அக்கா, படிப்பிக்க வாறது உங்கட..."

"வாயை மூடு லூர்து."

"சொந்தக்காரர் நிக்கப்படாதாம் அக்கா, பேப்பரிலை எழுதியிருக்கு."

"எட்டுப் பேர் இல்லாட்டி வகுப்பே இல்லையாம். மூடு."

கம்சாயினி உள்ளே வந்தாள். என்னைக் கண்டாள். உலை கொதித்த பிறகு வீட்டில் அரிசி இல்லை என்று கண்டவள் முகம் எப்படி இருக்கும், அப்படி ஒரு முகம், ஒரு கணம்தான். பிறகு பஸ் ட்ரைவர் பயணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து, எல்லாருக்கும் நல்வரவு என்றாள். நானும் பயணி மாதிரி நின்றேன்.

அத்தான், அவள் படிப்பிக்கிற விதத்தை நீங்களும் நானும் ஒரு நாளும் பார்த்ததில்லை. தட்டுக்கழியை மறந்து விட்டுப் போகவில்லை, வேண்டாம் என்றுதான் விட்டுப் போயிருக்கிறாள். ஒருவரையும் அதட்டவில்லை. அரைமண்டியில், அதாவது பாதங்களை விரித்து முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி இருக்கிற நிலையில், எங்களை நிறுத்திவிட்டு, உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒரு வெள்ளைப் பிள்ளை குதிக்கால் என்றது. எட்வேட் தன் பாரம் வயிற்றிலேயே நிற்கிறது, கீழே இறங்க மாட்டேன் என்கிறது என்றார். லூர்து, "மாதாவே" என்றான், அதுதான் அவன் பதில். என்னிடம் வந்தாள். முழங்கால் என்றேன். எந்த முழங்கால் என்று கேட்கிறாள்! ஒவ்வொரு பின்னேரமும் அந்த இடது முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிடுகிறவள் அவள்தான். "எவ்வளவு மடிகிறதோ அவ்வளவுதான் உங்களுடைய அரைமண்டி, அதுக்கு மேலே வேண்டாம்" என்று நோர்வேஜியனில் சொன்னாள். ஞாயிறு வகுப்பு ரீச்சராக இருந்திருந்தால் கணுக்காலில் கழி விழுந்திருக்கும். பழகினவர்களுக்குப் பழக்குவது லேசு, என்னைப் போல ஒன்றும் தெரியாத கட்டையை நிமிர்த்துவதற்குத்தான் இவ்வளவு வருடப் படிப்பும் என்று அந்த இடத்தில் எனக்கு உறைத்தது.

பிறகு கைதட்டித் "தைய்யா தை" சொல்ல நாங்கள் நிலத்தில் தட்டினோம். எட்வேட்டின் இடுப்பில் கல்லூரிக் கதவெல்லாம் திறக்கிற திறப்புக் கோர்வை முழுவதும் தொங்குகிறது, ஒவ்வொரு தட்டுக்கும் ஜல் ஜல் என்கிறது, அந்த மனுசன் வெட்கப்பட்டுக் கழற்றப் போனார். "கழற்றாதீர்கள், எங்களுக்குச் சலங்கை கிடைத்துவிட்டது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாக. வாயைப் பொத்தினேன், பொத்தப் பொத்த வந்தது. அதற்குப் பிறகு பத்து நிமிடம் இருக்கும், தட்டிக்கொண்டே நின்றேன், அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் எனக்கு நினைவில் இல்லை. ஆடினதைவிட அதுதான் குற்றம். ஏழு மாதத்தில் சட்டி அடுப்பில் எரியும்போதும், ரயில் மாறும்போதும் மறக்காத உங்களை நான் அங்கே மறந்தேன். நேற்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

வேலை கெட்ட கதையைச் சொல்கிறேன். முடிவில் நமஸ்காரம். தட்டினதற்குப் பூமியிடம் பொறுதி கேட்டு, பிறகு நிமிர்ந்து படிப்பித்தவரைக் கும்பிட வேண்டும். பூமியைத் தொட்டோம், எழும்பினோம், மற்ற ஏழு பேரின் கையும் அவளைப் பார்த்துக் குவிகிறது, நானும் குவிக்கிறேன், உண்மையாகவே கும்பிடத்தான் வந்தது எனக்கு. அவள் முகம் கறுத்தது. சட்டென்று தன் இடத்தை விட்டு நடந்து வந்து, என் பக்கத்தில் வரிசையில் நின்று, எங்களோடு சேர்ந்து முன்னால் இருந்த வெறும் இடத்தைக் கும்பிட்டாள். மூன்று பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். தலைவியான நெட்டை அம்மா கேட்டார்: "ஆசிரியர் ஏன் தன் இடத்தை விட்டார்?"

ஒரு பொய் போதும், அத்தான். இது எங்கள் புதிய முறை என்று சொல்லியிருந்தால் அவர்கள் அதையும் மெச்சி எழுதியிருப்பார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இவர் என் தாய். என் தாய் என்னைக் கும்பிட நான் நின்று பார்க்க முடியாது." அந்த நோர்வேஜியன் எனக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியது. எட்வேட்டின் திறப்புக் கூட அசையவில்லை.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக் கதைத்தார்கள். மூவரில் ஒருவர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சென்னைக்கார அம்மா, தண்ணீர் எடுக்க வந்தவர் என்னிடம் நின்றார்.

"நீங்க அம்மான்னு எனக்கு முதல்லயே தெரியும். பெத்தவங்களைத் தவிர வேற யாரு டீச்சரை இப்படி முறைப்பாங்க?"

"நான் எங்கை முறைச்சனான்?"

"ஐயோ, உங்க தமிழ் எவ்வளவு அழகா இருக்கு! இன்னொரு தடவை சொல்லுங்க."

பிள்ளையின் சீவன் போகிற நேரத்தில் எனக்குத் தமிழ்ப் போட்டி. பிறகு தலைவி வெளியே வந்து, சொந்தக்காரர் நின்றதால் வகுப்பைக் கணக்கில் எடுப்பதோ விடுவதோ தெரியாது, கடிதம் வரும் என்றார். மகள் தலையை ஆட்டினாள்.

ரயிலில் ஏறினோம். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற வசனத்தை ஆறு விதமாக யோசித்தேன். ஹவுகெட்டோவில் கதவு திறந்து குளிர் வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"அம்மா."

"சொல்லு பிள்ளை. பேசு. அடிக்கோணுமெண்டால் அடி, கழியும் கையிலைதான் இருக்கு."

"உங்கட இடது கால் எப்பவும் பிந்தித்தான் வருது."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று றேடியோவையும் போட்டுவிட்டு.

ஆகவே உங்களுக்குச் சத்தியம் பண்ணி எழுதுகிறேன்: ஆண்டுத்திவசம் முடியும் வரை அல்ல, என் கட்டை வேகும் வரை அந்தக் கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். இனி இந்தக் காலால் நிலத்தைத் தட்டவும் மாட்டேன். வீட்டிலேயே இருப்பேன். ஒரு மணித்தியாலமாக இருந்துதான் இதை எழுதுகிறேன், நடுவில் ஏழு தரம் எழும்பினதைச் சேர்க்காமல்.

மாமா, மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் ஆடின கதையை மாமியிடம் மட்டும் சொல்லிப்போடாதீர்கள். நீங்கள் எந்த உலகத்தில் இருந்தாலும் குளிர் படாமல் இருக்கப் பிள்ளையார் துணை.

இப்படிக்கு,
உங்கள் சிவநாயகி

பி.கு. (18 பங்குனி): இந்தக் கடிதத்தை எந்தத் தபாற்பெட்டியில் போடுவது என்று தெரியாமல் சாமித்தட்டில் வைத்திருந்தேன், நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடுங்கள். வயிறு சுகமான பிள்ளைகளை வைத்து அவளுக்கு இன்னொரு சோதனை வகுப்பு வைத்தார்கள். நான் குசினியிலேயே நின்றேன், அலுமாரி சாட்சி. வேலை அவளுக்குத்தான், நிரந்தரம். கல்லூரி அனுப்பின வேலைக் கடிதத்தை மூன்று தரம் வாசித்துக்காட்டினாள். யோகலிங்கம் அண்ணருக்கு நான் போன் பண்ணி, என்ன பாடம் என்று சரியாகச் சொல்லிவிட்டேன். "அப்ப என்ர முதுகு எப்பிடிச் சுகமானது?" என்று மனுசன் கேட்கிறார். வேலைக் கடிதம் வந்த அதே உறையில் எனக்கும் ஒரு தாள் இருந்தது. ஆசிரியருக்குப் படிக்கிற பிள்ளைகள் படிப்பித்துப் பழக, ஒன்றும் தெரியாத பெரிய ஆட்கள் வேண்டுமாம், வியாழக்கிழமைகளில், எட்வேட்டும் வருகிறாராம், என்னால் முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இந்த முறை கேள்வி விளங்கித்தான் "யா" என்றேன். தளர்ந்த காற்சட்டை போட்டு வரவும் என்று கீழே எழுதியிருக்கிறது. என்னிடம் சீலையையும் பாவாடையையும் விட்டால் என்ன இருக்கிறது? உங்கள் அலுமாரியை நேற்றுத்தான் முதல்முதல் திறந்தேன். நீங்கள் உலாத்தப் போகிற நீலக் காற்சட்டை மடித்தபடி இருக்கிறது, இடுப்பு எனக்கு அளவு, கால்தான் நாலு விரல் நீளம். வெட்டித் தைக்கட்டோ, அத்தான்?