வேலூர்த் தமிழில் ரேடியோ வைத்தியம்

கல்கத்தாவில் உள்ள அத்தனை ரேடியோக்களுக்கும் உடம்பு சரியில்லை, அவற்றைக் கவனிக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று முழுமனதாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் பெஹாலா தெருவின் சிக்னல் காக்கு. காக்கு என்றால் சித்தப்பா. சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. தேயிலை ருசி பார்க்கும் உத்தியோகம் என்று கேள்வி. அவர் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

என் கணவருக்குத் துறைமுகத்துக்கு மாற்றலாகி நாங்கள் குடிவந்த மறுநாளே கம்பிச் சுருளோடு கதவைத் தட்டினார்.

"பௌமா, சாப்டாச்சா? மொட்டை மாடி எங்க?"

மருமகளே என்று வங்காளத்தில் கூப்பிட்டு, மிச்சத்தைத் தமிழில் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அப்பாவுக்கு வேலூரில் மூன்று மாதம் வைத்தியம் நடந்ததாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் கற்ற தமிழ் அது. அதைத் தாண்டி ஒரு சொல் தெரியாது. எங்கள் மாடியில் ஏரியல் கட்டலாமா என்பதையே, "நாளைக்கி ஆபரேஷன். வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்றுதான் கேட்டார். சரி என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். யோசித்தது சரிதான். அடுத்த வாரமே, அந்தக் கம்பியில் காய்ந்த என் கணவரின் பனியன்களால் டாக்கா வானொலி நிலையத்துக்கு மூச்சுத் திணறுவதாகப் புகார் வந்தது.

ஆனால் போன துர்க்கா பூஜைக்கு முன்னால் கமிட்டிக் கூட்டத்தில் அவருக்காகக் கை தூக்கியது நான் ஒருத்திதான். காரணம் என் மகள் நிலா. அதற்கு முந்தைய வருஷ அஷ்டமி நெரிசலில் அவள் தொலைந்துபோனாள். எல்லாருடைய போனும் டவர் கிடைக்காமல் செத்துக் கிடந்தது. கடைசியில் ஒரு மேளக்காரர் மடியில் உட்கார்ந்து சந்தேஷ் இனிப்பு தின்றுகொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது.

காக்குவின் திட்டம் எளிமையானது. கமிட்டியின் பிக்அப் வண்டியில் ஒரு சிபி ரேடியோ, பந்தல் மைக் மேஜையில் இன்னொன்று. டவர் எதுவும் வேண்டாம், பெட்டியும் பெட்டியும் நேரே பேசிக்கொள்ளும். வண்டி தெருமுனையில் நிற்கும். தொலைந்த குழந்தை எந்தப் பக்கம் கிடைத்தாலும் மறுபக்கத்துக்குத் தகவல் போகும்.

செயலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சஷ்டி அன்னிக்கு அஞ்சு மணிக்குப் பேசிக் காட்டு. பேசலைன்னா பெட்டியைக் கழட்டிட்டு கிச்சடி அண்டா ஏத்திடுவேன்."

சஷ்டி காலை ஒன்பது மணிக்கு ரேடியோ கணீரென்று பேசியது. பன்னிரண்டு மணிக்கு வெறும் இரைச்சல். காக்கு அளவுமானியை மாட்டிப் பார்த்தார். அனுப்புவதெல்லாம் ஏரியலைத் தாண்டாமல் திரும்பி வருகிறது என்று காட்டும் முள், சிவப்புக் கோட்டின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது.

"ரிப்போர்ட் நார்மல் இல்ல, பௌமா."

ஏரியலைக் கழற்றினார். கேபிளை மாற்றினார். "மூச்ச இழு... விடு" என்று பெட்டியிடம் கெஞ்சினார். முள் அசையவில்லை. வண்டியின் இரும்போடு தொடர்பில்லை என்று சந்தேகப்பட்டு உப்புத்தாளால் கூரையைச் சுரண்டினார். டிரைவர் ஹாரு தா (தா, தாதா எல்லாம் இங்கே அண்ணன்தான்) மார்பில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ தாதா! விஸ்வகர்மா பூஜைக்கு அடிச்ச பெயின்ட்!"

"சும்மா இரு. தையல் போட்டுடலாம்." பதற்றத்தில் அவரிடமும் வேலூர்த் தமிழ்தான் வந்தது.

நான் கால் மணிக்கொருமுறை டீ கொண்டுபோனேன். காலையில் பெட்டிப் பக்கம் என் டீ சிந்தியதுதான் காரணமோ? நாலரை ஆயிற்று. தூரத்தில் அண்டாக்கள் உருண்டு வரும் சத்தம். முன்னால் செயலாளர்.

அப்போதுதான் ஏரியலின் அடிப்பாகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மிளகாய்.

கட்டியது நான். பளபளவென்று நின்ற அந்த ஏரியலைத் தெருவே வாய் பிளந்து பார்த்ததும் திருஷ்டி பட்டுவிடுமோ என்று மனசு கேட்கவில்லை. பத்து மணிக்கு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கட்டினேன். நூல் அறுந்துவிடுமே என்று, காக்குவின் பெட்டியிலிருந்தே செம்புக் கம்பி எடுத்து ஏரியலையும் அடிபோல்ட்டையும் சேர்த்து இறுக்கிச் சுற்றியிருந்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

காக்கு அதைப் பார்க்காமல் இல்லை. இந்த ஊரில் எந்த வண்டியில்தான் அது இல்லை? நாலு முறை ஏரியலைக் கழற்றியவர், நாலு முறையும் அதே எலுமிச்சையை, அதே கம்பியால், கண்ணில் ஒற்றித் திரும்பக் கட்டியிருந்தார்.

"காக்கு," என்றேன். "அது நான் கட்டினது. கம்பியால."

அவர் எலுமிச்சையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கம்பியை மெதுவாகப் பிரித்தார். ஏரியலையும் வண்டியின் இரும்பையும் இணைத்து ஷார்ட் ஆக்கியிருந்தது அதுதான். முள், வெட்கப்பட்டதுபோல் இடது பக்கம் சரிந்தது. பெட்டியில் பந்தல் மேஜைப் பெண்ணின் குரல்: "ஹலோ, காக்கு? எத்தனை நேரமா கத்தறேன்!"

செயலாளர் வந்து நின்றார். "என்னப்பா கோளாறு?"

நான் வாயைத் திறப்பதற்குள் காக்கு வங்காளத்தில் சொன்னார்: "என் தப்பு. ஒரு திருகைச் சரியா முடுக்கலை." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், மெல்ல: "அழக் கூடாது. டிஸ்சார்ஜ்."

அண்டாக்கள் சைக்கிள் ரிக்‌ஷாவில் போயின. ரேடியோ வண்டியிலேயே நிலைத்தது. சாயங்காலம் முன் சீட்டில் காக்குவுக்குப் பக்கத்தில் நிலா உட்கார்ந்து, தொலையாத குழந்தைகளின் பெயரையெல்லாம் பந்தலுக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்புறம் புச்கா என்கிற பானிபூரி விற்பவரிடம் நின்றேன். புளித்தண்ணீர் முழங்கை வரை வழிந்தபோதுதான் கவனித்தேன். அவள் பிறந்ததிலிருந்து கூட்டத்தில் என் ஒரு கை அவளைப் பிடித்தபடியேதான் இருந்திருக்கிறது. அன்றுதான் இரண்டு கைகளாலும் சாப்பிட்டேன். அந்த இன்னொரு கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவருக்கு, காரம் குறைவாக ஆறு புச்கா கொண்டுபோய்க் கொடுத்தேன்.