அணைத்தால் போச்சு

"அந்தச் சனியனை அணைச்சிட்டு இறங்கி வாங்க!" என்று வரப்பில் நின்று மனைவி கத்தினாள்.

"அணைச்சா போச்சு!" என்று கம்பவுண்டர் டிராக்டர் மேலிருந்து திருப்பிக் கத்தினார். "என்ன விஷயம்?"

"அப்பா போயிட்டாரு!"

"எங்க?"

அப்படிக் கேட்டதுதான் அன்றைக்கு அவர் செய்த முதல் தப்பு. மனைவி வரப்பிலேயே உட்கார்ந்து முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் அவருக்கு உறைத்தது.

கம்பவுண்டர் என்பது அவர் பெயரல்ல, பழைய உத்தியோகம். டாக்டர் ஒருநாள் க்ளினிக்கை இழுத்து மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நடுத்தெருவில் நின்ற மாப்பிள்ளைக்கு மாமனார் ஒரு துண்டு நிலத்தையும், கொட்டகையில் எலி குடித்தனம் நடத்திய பழைய டிராக்டரையும் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை.

"இந்தப் போகம் வெளைய வச்சுக் காட்டுங்க மாப்பிள்ளை. இல்லன்னா நிலம் என் பையனுக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கொடுத்தார்.

அன்று பிடித்தது கம்பவுண்டருக்குக் கிரகம். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற மறந்தார், வண்டி ஆவி பிடித்தது. டீசல் தீரும்வரை ஓட்டினார், குழாயில் காற்றுப் புகுந்துகொண்டது. நட்டு நட்டாகத் தளர்த்தி அந்தக் காற்றை வெளியே எடுப்பதற்குள் இவருக்கு மூச்சு வாங்கியது. இன்ஜின் ஆயிலை மருந்துக் குப்பியில் அளந்து ஊற்றுவதைப் பார்த்த மாமனார், "கிரீஸ் மூணு வேளை குடுங்க மாப்பிள்ளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். கம்பவுண்டரும் சிரித்துவைத்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி, பேட்டரிப் பெட்டியில் பேட்டரியே இல்லாததுதான். புதிது போட வழியில்லை. சாவியைத் திருகிப் பிரயோஜனமில்லை என்பதால் அவர் அதைத் தொடுவதையே விட்டுவிட்டார். தினமும் வண்டியை வாய்க்கால் கரை மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போவார். காலையில் கல்லை எடுத்துவிட்டுத் தாவி ஏறி, வண்டி உருண்டு வரும் வேகத்தில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் கீழே வாய்க்கால். சமதரையில் அணைந்துவிட்டாலோ, ஊரே கூடித் தள்ளினாலும் நகராது.

இப்போது பாதி நிலம்தான் உழுதிருந்தது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை முந்திக்கொண்டால் நிலம் சேறாகிவிடும், போகம் போய்விடும், அதோடு நிலமும் போய்விடும்.

"முதல்ல மேட்டுல கொண்டுபோய் நிறுத்திடறேன். அப்புறம் நடந்து போயிடலாம்."

"அப்பா செத்துக் கிடக்காரு. நீங்க வண்டிக்கு இடம் பாக்கறீங்களா?"

மேடு ஒரு திசை, மாமனார் வீடு எதிர்த் திசை. வேறு வழியில்லாமல் மனைவியை மட்கார்டில் உட்காரவைத்துக்கொண்டு, பின்னால் கலப்பை ஆட, கம்பவுண்டர் துக்க வீட்டுக்கு டிராக்டரிலேயே போய்ச் சேர்ந்தார். வாசலில் ஏறெடுத்துப் பார்க்காத ஆளில்லை.

மனைவி இறங்கி அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. டிராக்டர் ஜன்னலை ஒட்டி நின்று தடதடத்தது.

மைத்துனர் வெளியே வந்தார். அவர் மனைவிக்கு அண்ணன், அப்பாவின் குரலை அப்படியே வாங்கியவர்.

"மாப்பிள்ளை, அதை நிறுத்துங்க!"

"நிறுத்தினா எழுந்திருக்காது மச்சான்!" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் இவர் கத்தினார்.

துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இனிமே எங்க எழுந்திருக்கறது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தத்தையாவது குறைங்க!"

குறைத்தார். டிராக்டருக்குக் குளிர் ஜுரம் வந்ததுபோல உடம்பு முழுக்க உதறி, அணையப் பார்த்தது. பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக இழுத்துவிட்டார். குப்பென்று கிளம்பிய கரும்புகை ஜன்னல் வழியாக நேரே கூடத்துக்குள் போனது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மருமகள்கூடக் கண் சிவந்து வெளியே வந்தாள். அப்பா மேல் அவளுக்கு இவ்வளவு பாசமா என்று மைத்துனரே ஒரு கணம் நெகிழ்ந்துவிட்டார்.

"பின்னால எடுங்கய்யா!" என்று யாரோ இருமலுக்கு நடுவே கத்தினார்கள்.

எடுத்தார். அந்த வண்டிக்கு இரண்டு பிரேக், இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து மிதித்தால் நிற்கும், ஒன்றை மட்டும் மிதித்தால் சுழலும். பதற்றத்தில் அவர் ஒன்றை மிதித்தார். டிராக்டர் நின்ற இடத்திலேயே திரும்பி, வரிசையாகப் போட்டிருந்த வாடகை நாற்காலிகள் மேல் ஏறியது. உட்கார்ந்திருந்தவர்கள் வயது வித்தியாசமில்லாமல் துள்ளி ஓடினார்கள். முட்டிவலி என்று இரண்டு பேர் தூக்கி வந்து உட்காரவைத்த அத்தைதான் முதலில் ஓடினாள்.

நாற்காலிகளை விட்டு வண்டியை முன்னால் எடுத்த அமளியில் கலப்பை தானாகக் கீழே இறங்குவதை அவர் கவனிக்கவில்லை. கலப்பையைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்டுக்கும் வயதாகிவிட்டது, அடிக்கடி லிவரைத் தூக்கிவிட வேண்டும். கலப்பை வாசலில் நீளமாக ஒரு சால் ஓட்டிக்கொண்டு போய், தண்ணீர்க் குழாயைக் கொக்கி போட்டு இழுத்தது. அன்றைக்கு அவர் உழுததிலேயே நேரான சால் அதுதான். குழாய் பிய்த்துக்கொண்டு பீச்சியடித்தது. தண்ணீர் வாசலைத் தாண்டி, கூடத்தை நோக்கி ஓடியது.

"கட்டிலைத் தூக்குங்க! அப்பாவைத் தூக்குங்க!"

மைத்துனர் டிராக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கப்பா உங்களைப் பத்தி சொன்னதெல்லாம் சரியாப் போச்சு. செத்த அன்னிக்குக்கூட அவரை நிம்மதியாப் படுக்க விடமாட்டீங்களா?"

கம்பவுண்டர் அவசரமாக லிவரைத் தூக்கிவிட்டார். அதற்குள் மனைவி வெளியே வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது, முகத்தில் கரி. அவள் கத்தவில்லை.

"இது வேணும்னா இதோடயே போயிடுங்க. நான் எங்கண்ணன் வீட்டுலயே இருந்துக்கறேன்."

கம்பவுண்டர் வானத்தைப் பார்த்தார். முதல் தூறல் நெற்றியில் விழுந்தது. பாதி உழுத நிலம் கண்ணுக்குள் வந்து போனது. அணைக்கிற கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

டிராக்டர் இரண்டு தரம் இருமி, அடங்கியது.

கூடத்தில் அழுகிறவர்களின் குரல் அப்போதுதான் முதல் தடவையாக வெளியே கேட்டது. அதைக் கேட்டதும் இவருக்கும் அழுகை பொத்துக்கொண்டது. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். மாமனாருக்கா, நிலத்துக்கா, அத்தனை பேர் முன்னால் பட்ட அவமானத்துக்கா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"பாவம், மாமனார் மேல உசிரையே வச்சிருந்தாரு" என்றாள் ஓடிக் களைத்த அத்தை.

துக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றிருந்த ஊர் மெக்கானிக் வந்து அவர் தோளைத் தொட்டார்.

"இனிமே இது எழுந்திருக்காதுய்யா. என் கதை முடிஞ்சுது" என்றார் கம்பவுண்டர்.

மெக்கானிக் உள்ளே கட்டிலை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாவியைத் திருகுங்க, முதல் தடவையிலயே எடுக்கும், 'வண்டியை உருட்டி உருட்டி மாப்பிள்ளை எங்கயாவது செத்து வைக்கப் போறாரு'ன்னு, நேத்து சாயங்காலம் நான் தூக்கறேன்னு சொல்லச் சொல்லக் கேக்காம, நான் பெட்டியில மாட்டின புது பேட்டரியைத் தன் தோள்லயே தூக்கிக்கிட்டு அந்த மேடு ஏறினப்பதான் உங்க மாமனாருக்கு நெஞ்சு வலியே வந்துச்சு."