பம்ப் மாமா காலி செய்த கூடம்

எங்கள் பம்ப் மாமாவைப் போலக் காற்றைப் பகைத்துக்கொண்ட மனிதர் மயிலாப்பூரிலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். தரமணிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பேரைக் கேட்டுவிட்டுத் தெருவே தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு அவரைத்தான் கூப்பிடும். "என் பம்ப் தண்ணி எடுக்காது. காத்தை எடுக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சிரிக்காமல் சொல்வார்.

எனக்கும் ஒருமுறை விளக்கினார்.

"ஃப்ரீ ராடிகல்னு ஒண்ணு. ஜோடியில்லாத எலெக்ட்ரானை வெச்சுண்டு தவிக்கும். காத்துல விட்டா எதிர்ல வர்றதோடெல்லாம் மோதி வேற ஒண்ணா மாறிடும். அதனால ஸ்டீல் பெட்டியில காத்தையெல்லாம் உறிஞ்சிடுவோம். இந்தப் பக்கத்துலேர்ந்து அதை மெல்லிசா ஒரு தாரையா விடுவோம், குறுக்கே இன்னொரு தாரை. நடுவுல ஒரே ஒரு மோதல். அப்பதான் நிஜம் தெரியும்."

பெட்டி காலியாக நாள்கணக்கில் பம்ப் ஓட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு அவரைப் பார்த்தால் துக்கம் விசாரிக்கத் தோன்றும்.

அப்போதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, சத்திரம்கூட விசாரித்தாகிவிட்டது. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். என்னைக் கேட்டால் அத்தை பதில் சொன்னாள். பையனைக் கேட்டால் அவன் அப்பா சொன்னார்.

மூலையில் சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா எழுந்தார். "எல்லாரும் கொஞ்சம் வெளில வாங்கோ."

"எதுக்கு?" என்றார் பையனின் அப்பா.

"இத்தனை பேர் நடுவுல இவா ரெண்டு பேருக்கும் என்ன ஆறதுன்னே தெரியாது."

ஒவ்வொருவராகக் கிளப்பினார். பஜ்ஜித் தட்டையும் எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் மின்விசிறியையும் நிறுத்தினார்.

கதவு சாத்தியதும் பையன் முதல்முறையாக என்னைப் பார்த்தான். வியர்த்துக் கொட்டியது. "ஆபீஸ்ல ஒருத்தியைப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்ட சொல்ல தைரியம் இல்லே. நீங்களே வேண்டாம்னு சொல்லிடறேளா?"

வெளியே வந்து, எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. பழி மாமா தலையில் விழுந்தது. அப்பா மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

வேளச்சேரிக்கு டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "உள்ளே என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே மாமா?"

பெட்டிக்குள் நடந்தது தெரியாமல் சோறு இறங்காத மனிதர் அவர். "காலி பண்ணிக் குடுத்தேன். அதோட என் வேலை முடிஞ்சுது" என்றார்.

அத்தனை பேர் நிறைந்த வீட்டில் நான் பேச இடம் ஒழித்துக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மாடி அப்புறம் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது. அந்தக் காலியை மட்டும் என்னால் தாங்கவே முடியவில்லை.