ஒரு பலகைக்காக எழுதப்பட்ட பாலத்தின் வரலாறு

அநீதிக்கு ஆளானவள் அருமைநாயகி. அநீதி செய்தது, ஆத்துப்பாலத்தில் இல்லாமற்போன ஒரு பலகை.

1984 தை மாதம், நாலு வாழைக்குலை கட்டிய சைக்கிளோடு சந்தைக்குப் போனவள் அந்த ஓட்டைக்குள் விழுந்தாள். குலைகள் ஆற்றோடு போயின. அவள் மட்டும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள். மூக்குக்கு நேரே, துருவுக்குள் இங்கிலீசு எழுத்தும் 1897 என்ற ஆண்டும் தெரிந்தன. பாலத்தை விட்டால் சந்தைக்கு ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல், சுற்ற வேண்டும். நொண்டிக்கொண்டே, தெருவும் பாலமும் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாள்.

ஓவசியர் சீவரத்தினத்தார் கோப்புகளைப் புரட்டினார்.

"உப்பிடியொரு பாலமே இல்லைப் பிள்ளை."

"நான் விழுந்தனான் ஐயா!"

"நீர் விழுந்ததை நான் மறுக்கேல்லை. பாலத்துக்குத்தான் ஆதாரமில்லை. ஆர் கட்டினது எண்டு வரலாறு எழுதி, ஊர்ப் பெரியாக்களின்ரை கையெழுத்தோடை கொண்டு வாரும். பலகை தாறம்."

அது வரலாற்றுக் காய்ச்சல் பரவியிருந்த வருடம். கூட்டுறவுச் சங்கக்கடைகூடத் தன் வரலாற்று மலர் வெளியிட்டுவிட்டது. ஆகவே வாசிகசாலையில் மாபெரும் ஆராய்ச்சிக் கூட்டம் கூடியது.

"எழுது பிள்ளை," என்றார் ஊர்ப் பெரியவர் நடராசா, கொப்பியோடு இருந்த அருமைநாயகியிடம். "இரும்பு முழுக்க எங்கடை அப்பு மலாயாவிலையிருந்து கப்பலிலை கொண்டுவந்தது."

"இரும்பிலை இங்கிலீசெல்லோ கிடக்கு, அண்ணை?"

"அப்புவுக்கு இங்கிலீசு தெரியும்."

அடுத்த பெரியவர் நீக்கிலாப்பிள்ளை துள்ளியெழுந்தார். "வெறும் இரும்பிலை நடக்கேலுமே? பலகை போட்டது எங்கடை பெத்தப்பா!"

இரும்பும் பலகையும் போய்விட்டதால் மூன்றாமவரான ஆழ்வாப்பிள்ளை சற்று யோசித்தார். பிறகு, "காணி எங்கடை," என்றார்.

"எந்தக் காணி?"

"ஆறு."

"ஆத்துக்கு ஆரும் காணி உறுதி எழுதி முடிச்சவையே?"

"மாரிக்கு மூண்டு மாதந்தான் அது ஆறு. மிச்ச ஒன்பது மாதமும் எங்கடை காணி!"

தர்க்கத்தில் பிழையில்லை. அருமைநாயகிக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் தோட்டத்தில் குலைகள் பழுத்துக்கொண்டிருந்தன. கையெழுத்து இல்லாவிட்டால் பலகை இல்லை. மூவர் பெருமையையும் ஒரு சொல் குறையாமல் எழுதினாள். மூவரும் ஒருவரை ஒருவர் முந்திக் கையெழுத்து வைத்தார்கள்.

மூன்று மாதத்தில் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. 'தாங்கள் சமர்ப்பித்த அரிய வரலாறு பெருமகிழ்வுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பிரகாரம் மேற்படி பாலம் அரசாங்கத்தினுடையதன்று. இரும்பு, பலகை, காணி யாவும் கையொப்பமிட்ட மூவரின் குடும்பங்களுக்கே உரியவை. எனவே குறைந்த பலகையை அவர்களே இடுவார்களாக.'

அருமைநாயகி கடிதத்தை மடித்துக்கொண்டு நேரே வாசிகசாலைக்குப் போனாள். மூவரும் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை உரத்து வாசித்தாள்.

"அண்ணையாக்கள், பாலம் இனி உங்கடை. ஒரே ஒரு பலகை. எப்ப போடுறியள்?"

நடராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீக்கிலாப்பிள்ளை முகட்டைப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளைக்கு இருமல் வந்தது. ஊர் சரித்திரத்திலேயே முதன்முறையாக மூவரும் ஒரே கருத்துக்கு வந்தார்கள். மூவருக்குமாக நடராசாவே பதில் சொன்னார்:

"வரலாறெண்டால் உண்மையையெல்லோ எழுத வேணும், பிள்ளை? அது வெள்ளைக்காரன் கட்டின பாலம்."