ஏழு மணிக் கதவு

ஒரு குழந்தையைக் கொஞ்சுவதற்கு மாதம் ஆறாயிரம். மூக்கு துடைப்பதும் தாலாட்டும் அதிலேயே அடக்கம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷின் ஓனரம்மா வாசலில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதி மாட்டியிருந்தாள். காலை ஏழு மணிக்கு அந்தக் கதவைத் திறந்து, பொழுது சாயும்வரை இடுப்பொடியக் கொஞ்சுகிற சாவிக்காரிக்குப் பத்தாயிரம் சம்பளம்.

அவள் பிள்ளைக்கு மட்டும் அங்கே இடமில்லை.

"சொந்தப் பிள்ளை அழுதா அங்க ஓடுவே. காசு கட்டின பிள்ளையை யார் பார்க்கறது?" என்றாள் ஓனரம்மா.

"நானும் காசு கட்டறேன்மா!"

"வேலைக்காரியா வர்றியா, வாடிக்கைக்காரியா வர்றியா? ஒண்ணு சொல்லு."

சாவிக்காரி வேறு இடம் விசாரித்தாள். ஊரிலிருந்த இன்னொரு கிரெஷ் ஒன்பது மணிக்குத்தான் கண் விழிக்கும். ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே யோசனை சொன்னான். "வீட்டுக்கு ஒரு ஆயாவைப் போட்டா சம்பளம் பூரா அவளுக்கே போயிடும். பேசாம நீயே வீட்டுல இரேன்."

"மிச்சம் என்ன வந்தாலும் அது என் காசு. ஒரு ஊசி நூல் வாங்கக்கூட உங்க முன்னாடி கையேந்தி நின்னது போதும்!"

ஆயா வந்தாள். "பத்தாயிரம்," என்றாள்.

"அடியே, அது என் சம்பளம்!"

"அப்போ எட்டு."

"உனக்குப் பிள்ளை குட்டி இருக்கா? சொந்தப் பிள்ளை நினைப்புல என் பிள்ளையைக் கோட்டை விடுவே."

ஆயா ஒரு நொடி தயங்கினாள். "அந்தத் தொந்தரவெல்லாம் இல்லக்கா. டாண்ணு ஏழுக்கு வந்துடறேன்."

முதல் நாள் ஏழே முக்காலுக்கு வந்தாள். பிள்ளையை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடிய சாவிக்காரிக்கு கிரெஷில் நூறு அபராதம். அந்த நூறை அவள் ஆயாவின் சம்பளத்தில் பிடித்தாள். மறுநாளும் அதே ஏழே முக்கால். அதே நூறு இங்கே, அதே நூறு அங்கே. சீக்கிரம் வந்தால் ஐந்நூறு கூட்டித் தருவதாக ஆசை காட்டினாள். அதற்கும் அசையவில்லை. ஏனென்று கேட்டால், "கிளம்ப முடியலக்கா" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை.

ஆறாம் நாள் ஓனரம்மா குதித்தாள். "நாளைக்கும் நீ ஏழுக்கு வரலேன்னா, சாவி வேற ஆள் கைக்குப் போயிடும்!"

மறுநாள் ஆறரைக்கே சாவிக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றாள். மணி ஏழு. ஏழே கால். ஏழரை. அதற்கப்புறம்தான் ஆயா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"வாடி மகராசி! என் வேலையில மண்ணைப் போட்டுட்டியே! உனக்கெல்லாம் எதுக்குடி சம்பளம்?"

ஆயாவுக்கும் பொறுமை போயிற்று.

"சும்மா கத்தாதீங்க! ஆமா, எனக்கும் பொண்ணு இருக்கு. சொன்னா வேலை தரமாட்டீங்கன்னுதான் மறைச்சேன். இங்க வேலை கிடைச்ச அன்னிக்கே அவளை அடுத்த தெரு கிரெஷ்ல சேர்த்துட்டேன். தினம் ஏழுக்கு முன்னாடியே தூக்கிட்டுப் போய் வாசல்ல தவம் கிடக்கறேன். கடைசியில ஓனரம்மாதான் மாடியிலேருந்து திட்டிக்கிட்டே இறங்கி வந்து திறக்கறாங்க!"

சாவிக்காரி கையிலிருந்த சாவியை முந்தானைக்குள் மறைத்தாள்.

"என் சம்பளத்துல பிடிச்ச அறுநூறை நீங்க ஒண்ணும் தர வேணாங்க்கா. அங்க கதவு திறக்க ஒருத்தி இருக்காளாம், தினமும் லேட்டா வர்றவ. அவகிட்ட நான் வசூல் பண்ணிக்கறேன்!"