சம்பந்தி மாட்டிக்கொண்டு போன செருப்பு

உத்திரமேரூர்,
ஆனி மாதம், 1981.

அன்பு மைத்துனன் சிரஞ்சீவி தணிகைவேலுக்கு, உன் அக்காள் புருஷன் பஞ்சாட்சரம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே கணுக்காலுக்கு மேலே எல்லோரும் சௌக்கியம். ஆவடியில் நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் உள்ளங்கால் வரைக்கும் சௌக்கியமாக இருக்க நம்மூர் பாலசுப்பிரமணியரை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. என் குதிகால் விஷயம் உனக்குத் தெரியும். காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் நெருஞ்சிமுள் மேல் நிற்பது போல இருக்கும். கொஞ்சம் நடந்தால் சரியாகும். சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே கதை. உன் அக்காள் செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு மிதிக்கச் சொன்னாள். மிதித்தேன், இலை வதங்குவதற்குள் கால் வதங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ காஞ்சிபுரத்து டாக்டரிடம் அழைத்துப் போனாய். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். குதிகால் பக்கம் மெத்தென்று ரப்பர் வைத்து அவர் தைக்கச் சொன்ன செருப்பைப் போட்டதும் கைத்தறிக் குழியில் இறங்கி மிதிகட்டையை மிதிக்க எனக்கு மறுபடி தைரியம் வந்தது. ஆனால் மற்ற வைத்தியங்கள்தான் மானத்தை வாங்கின. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, காலைப் பின்னால் நீட்டித் தள்ளச் சொன்னாரே, அதைப் பார்த்த எதிர்வீட்டு சிட்டம்மாள், எங்கள் சுவர் சாய்கிறது என்று நினைத்து முட்டுக்கொடுக்கத் தன் பிள்ளைகளை அனுப்பிவிட்டாள். வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். சாமி படத்துக்கு முன்னால் செருப்போடு நடந்தால் அன்றைக்கு உலை வைக்க மாட்டேன் என்றாள் உன் அக்காள். இரண்டு பேரில் யாருக்குப் பயப்படுவது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இந்த நிலையில்தான் நம் ஞானசுந்தரியைப் பெண் பார்க்கப் பெருநகரிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். போன தை மாதம் வேறொரு இடத்தார் வந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் தகப்பன் நொண்டுகிறாரே, பரம்பரையாக வருமோ என்று கேட்டுவிட்டுப் போனது உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அவள் பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, தறிக்குத் தார் நூல் சுற்ற உட்கார்ந்தாள். என் காலால் என் பெண் வாழ்க்கை கெடுகிறதே என்று நான் அழுதுவிட்டேன், தணிகை. அதனால் இந்த முறை உயிரே போனாலும் நொண்டுவதில்லை என்று முடிவு செய்தேன். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் செருப்போடு நிற்க முடியுமா? வாசலில் கழற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக வரவேற்றேன்.

பையன் இராமச்சந்திரன் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறான், அடக்கமான பிள்ளை. அவன் தகப்பனார் வீரபத்திரன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பெண் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள், கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று, காபி இரண்டாம் முறையும் ஆயிற்று. விருந்தாளி எழுந்தால்தானே நான் எழுந்து வழியனுப்ப வேண்டும்? எழுந்தால் முதல் அடி காட்டிக்கொடுத்துவிடுமே என்று நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை. நெல் விலையைப் பேசினோம், செய்யாற்றில் தண்ணீர் வராததைப் பேசினோம், மறுபடியும் நெல் விலைக்கே வந்தோம். ராகுகாலம் வரப்போகிறது என்று அவர் சம்சாரம் விலாவில் இடித்த பிறகு இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். நான் “முருகா” என்றேன். அதே நேரத்தில் அவரும் “முருகா” என்றார். பக்தியான குடும்பம் என்று இரண்டு பக்கத்துப் பெண்களுக்கும் பரம சந்தோஷம்.

அவர்கள் அவசர அவசரமாக பஸ்ஸுக்குப் போன பிறகு வாசலில் பார்த்தால், என் செருப்பைக் காணோம். அவருடைய தேய்ந்த தோல் செருப்புதான் கிடந்தது. போய்க் கேட்கலாமா? பதில் வருவதற்கு முன்னால் பெண் வீட்டார் போய் நின்றால் என்ன மரியாதை? செருப்புக்காக வந்தேன் என்றால் குட்டு உடைந்துவிடும். பதிலும் இல்லை, செருப்பும் இல்லை. நாளாக ஆக ஞானசுந்தரியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாகிவிட்டது.

நேற்று காலை வீரபத்திரன் பெருநகர் பஸ்ஸிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடந்து வந்தார். காலில் என் செருப்பு. நின்றபடியே சொன்னார்: “பொண்ண எங்களுக்குப் புடிச்சிக்கீது, ஆவணில வெச்சிக்கலாம். ஆனா ஒண்ணு. இந்தச் செருப்ப மட்டும் திருப்பிக் கேக்காதீங்க. வருசக்கணக்கா குதிகால் வலி, பல்லக் கடிச்சிக்கினு கடைல நின்னுக்கினு கீறேன். வெளிய சொன்னா பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் குதிகாலைத் தூக்கிக் காட்டினேன். அவர் தன்னுடையதைக் காட்டினார். காபி கொண்டுவந்த உன் அக்காள், சம்பந்திகள் இருவரும் ஒருவர் காலை ஒருவர் பிடித்து அமுக்கிப் பார்ப்பதைக் கண்டு டம்ளரோடு திரும்பிப் போய்விட்டாள். அப்புறம் இருவரும் சேர்ந்து சுவரைத் தள்ளினோம். சிட்டம்மாள் இந்த முறை பிள்ளைகளை அனுப்பவில்லை.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை நீ வந்து எங்கள் இருவரையும் அந்த டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். நன்றாகி விடும் என்று நம்பிக்கை வந்துவிட்டது. எல்லாம் பாலசுப்பிரமணியர் செயல். அவர்தான் சம்பந்தியின் காலை என் செருப்புக்குள் நுழைத்திருக்கிறார். அவருக்கு அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்; நீங்கள் எல்லோரும் முள் தைக்காமல், கல் தடுக்காமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பெண்ணை நொண்டாமல் தாரை வார்க்கப்போகும்
பஞ்சாட்சரம்

பி.கு.: இதை ஒட்டுவதற்கு முன் ஞானசுந்தரிக்குப் படித்துக் காட்டினேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சம்பந்தி தெருவில் நடந்து வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். அவர் செருப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அந்த இடத்தில் என் செருப்பை, அவர் மாட்டிக்கொள்ள வசதியாகத் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு வைத்தது அவள்தானாம். பஸ் போன பிறகு அவருடையதை எடுத்து வாசலில் போட்டிருக்கிறாள். “அவுரு உன்ன மாதிரியே கால வெச்சாரு, நைனா. உனக்கு டாக்டரு வேற செருப்பு தெச்சிக் குடுப்பாரு. அந்தப் பையன வுட்டா நான் எங்க போயி தேடுறது?” என்கிறாள். ஆகையால் மேலே பாலசுப்பிரமணியர் செயல் என்று எழுதியதை அடித்துவிட்டு, அங்கே என் மகள் பேரைப் போட்டுப் படித்துக்கொள். சம்பந்தியிடம் மூச்சு விடாதே.